இரண்டாவது ஏர் ரைஃபிள்: ஸ்பிரிங்கா, பிசிபியா?

வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடலை ஒட்டி. உப்புக் காற்றில் இரண்டு நாள் துடைக்காமல் விட்டாலே என் பழைய ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் குழலில் செம்புள்ளி விழுந்துவிடும், அதனால் சுட்டு முடித்ததும் எண்ணெய்த் துணி கைக்கு வந்துவிடும். இப்போது இரண்டாவது ஒன்றுக்குப் பணம் சேர்க்கிறேன்: மறுபடியும் ஸ்பிரிங்கா, இல்லை முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றில் சுடும் பிசிபியா என்பதுதான் கேள்வி.

வேட்டைக்கா என்று கேட்கிறார்கள். இல்லவே இல்லை. 1972 வனவிலங்குச் சட்டப்படி கொக்கைக்கூடச் சுடக்கூடாது, அது சரியும்தான். எனக்குக் குறி அட்டை போதும்: 10 மீட்டர் தூரத்தில் வைத்துச் சுடும் அட்டையின் நடுப்புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர், பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டோ 4.5.

ஸ்பிரிங்கில் பெல்லட் குழலை விட்டுப் போவதற்குள், காற்றை அழுத்த ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் ஓடி, துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும். இறுக்கிப் பிடித்தால் குறி தள்ளிப் போகும். பிசிபியில் அந்த உதறல் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றடிக்கும் பம்ப்பைத் தனியாக வாங்க வேண்டும், அதை விட்டுவிட்டு பட்ஜெட் போடாதீர்கள்.

நான் பிசிபிக்கே போகிறேன். குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டர், பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. ஸ்கோப் சாதாரணமானது போதும், மிச்சப் பணத்தில் நாலைந்து வகை பெல்லட் வாங்கி எது என் குழலுக்குப் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், துப்பாக்கி சுடுதல் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்தது இதே கடலூரில்தான். அவர் சுடுவதும் 10 மீட்டர்தான்.