நான்கு நாள் வேலை, மூன்று மாதம்: தலைவாசல் நிலையும் கதவும் மாற்றிய அனுபவம்

தலைவாசல் கதவு நேற்றுதான் முழுசாக முடிந்தது. ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் போய் உட்காருகிறது. ஆசாரி சொன்ன கணக்கு நான்கு நாள். வைகாசியில் ஆரம்பித்தது ஆவணிக்கு வந்து நின்றது. தென்காசிப் பக்கம், வாசல் மேற்கே பார்த்து சாரலை நேராக வாங்குகிற வீட்டுக்காரர்களுக்குக் கீழே உள்ளது பயன்படும்.

நிலையை எடுப்பதா, ஒட்டுப்போடுவதா என்பதை ஆசாரியிடம் கேட்பதற்கு முன் நீங்களே பார்த்துவிடுங்கள். மெல்லிய உளியை நிலைக்காலின் அடியிலிருந்து மேலே மேலே குத்திக்கொண்டே வந்து, எந்த உயரத்தில் மரம் உளியைத் தடுக்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கோடு அடிக் கீலுக்குக் கீழே நின்றால் நிலையை எடுக்க வேண்டியதே இல்லை. கெட்ட பாகத்தை மரக் கனத்தின் மூன்று மடங்கு நீளத்துக்குச் சாய்வாக அறுத்துவிட்டு, அதே சாய்வில் புதுத் தேக்கை வைத்து எபாக்ஸி பசையும் ஸ்க்ரூவும் கொடுத்தால் போதும். இங்கே கீல் பக்கத்துக் காலில் கோடு 14 இன்ச்சில் நின்றது. அடிக் கீலின் ஸ்க்ரூக்கள் மரத்தில் இல்லை, மாவில் இருந்தன. "பட்டி வைத்து பெயின்ட் அடித்துவிடலாம்" என்று ஒருவர் சொன்னார். அடித்தால் அடுத்த சாரல் வரை அழகாக இருந்திருக்கும்.

கரையான்மேல் பழி போடுவது சுலபம். முதல் குற்றவாளி தண்ணீர். வெள்ளிக்கிழமைதோறும் நடையைக் கழுவி மஞ்சள் பூசுகிறோம். படியும் காலும் சேரும் மூட்டில் தண்ணீர் இறங்கி நிற்கிறது. மரத்தின் வெட்டு முனை, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல அதை மேலே இழுக்கிறது. நனைந்த மரத்துக்குக் கரையான் பிறகு சுலபமாக வருகிறது.

மரக்கடைக்குப் போகுமுன் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றரைக்கு ஏழு அடி வாசலுக்கு 7 அடியில் இரண்டு கால், 4 அடியில் மேல்கட்டை ஒன்று, கீழ்ப்படி ஒன்று. மொத்தம் 22 அடி ஓட்டம். 6க்கு 4 இன்ச் கட்டை என்றால் 3.67 கன அடி, 5க்கு 3 என்றால் 2.29. பில் எப்போதும் ரம்ப அளவில்தான் வரும்; இழைத்தபின் அகலத்திலும் கனத்திலும் கால் இன்ச் குறையும். அதில் சண்டை போட வேண்டாம். சண்டை போட வேண்டியது வெள்ளைக்காக. மரத்தின் கெட்டியான நடுப்பாகமான வைரத்தை ஒட்டி வெளிறிய மஞ்சளில் ஒரு பட்டை ஓடும். கரையானுக்கு அதுதான் முதல் பந்தி. கட்டையின் நாலு முகத்தையும், இரண்டு முனையையும் புரட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இரண்டு கட்டைகளில் வெள்ளையின்மேல் செம்மண் நிறத்தில் ஏதோ தேய்த்திருந்தார்கள். ஈரத்துணியால் துடைத்ததும் குட்டு வெளிப்பட்டது, கட்டை மாறியது.

ஆனால் ஈரத்தில் ஏமாந்தாயிற்று. "ஒரு வருஷம் காய்ந்த மரம்" என்றார்கள். வீட்டில் இறக்கிய பிறகு மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானியின் ஊசியைக் குத்தினால் 23 சதவீதம் காட்டியது. கதவு வேலைக்கு 14க்கு மேல் போகக்கூடாது. 23லிருந்து 13க்கு இறங்கும்போது ஓர் அடி அகலப் பலகை 5, 6 எம்எம் வரை சுருங்கும். அதாவது கதவைச் செய்து மாட்டிய பிறகு, உங்கள் கண்ணெதிரே, பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே விரிசல் விழும். திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். முனைகளில் பெயின்ட் அடித்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இரண்டடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் அடுக்கிப் போட்டதில் ஏழு வாரம் போயிற்று. தாமதத்தில் பெரும்பங்கு இதுதான். ஊசி ஈரமானியைக் கடைக்கே கொண்டுபோங்கள். மேலே குத்தாமல், முனையிலிருந்து ஓர் அடி தள்ளி, புதிதாக அறுத்த முகத்தில் குத்துங்கள்.

கதவு செய்யும்போது ஒரே ஒரு விஷயத்துக்காகப் பக்கத்திலேயே நில்லுங்கள்: நடுப்பலகைகளைக் காடியில், அதாவது சட்டத்தின் ஓரத்தில் ஓடும் பள்ளத்தில், இறக்கும்போது பசை போட விடக்கூடாது. சட்டங்களின் கூர்-துளை மூட்டுக்கு (ஒன்றின் நாக்கு போன்ற கூர் மற்றதன் துளைக்குள் இறங்கும் மூட்டு) பசை வேண்டும். பலகை மட்டும் காடிக்குள் சும்மா மிதக்க வேண்டும். நாலு பக்கமும் ஒட்டிவிட்டால் பலகை சுருங்க இடமில்லாமல் நடுவில் பிளக்கும். "பசை போடாவிட்டால் கடகடக்கும்" என்பார்கள். கடகடக்காது. பலகையை மாட்டுவதற்கு முன்பே அதன் ஓரங்களுக்கு பாலிஷ் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பங்குனி வெயிலில் பலகை உள்ளே இழுக்கும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும்.

பழைய நிலையை எடுத்தது, பூஜை போட்டுப் புதியதை நிறுத்தியது எல்லாம் ஒரே காலையில் முடிந்தது. நிறுத்துமுன் சுவர்மேல் படுகிற முகத்துக்கும், கால்களின் அடி முனைக்கும் தார் பூச்சு இரண்டு கை. நிறுத்திய பிறகு கரையான் மருந்து: 30.5 சதவீத இமிடாக்ளோப்ரிட், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. சுவரும் நிலையும் சேரும் கோட்டில் அரை அடிக்கு ஒன்றாக, 6 எம்எம் துளை, 45 டிகிரி சாய்வில் போட்டு, இனி இறங்காது என்கிற வரை ஊற்ற வேண்டும்.

தூக்குக்குண்டு பார்ப்பதை எந்த ஆசாரியும் விடமாட்டார். மூலைவிட்டத்தைப் பாதிப்பேர் விடுவார்கள். 42க்கு 84 இன்ச் வாசலில் இரண்டு மூலைவிட்டமும் 93⅞ இன்ச் காட்ட வேண்டும். முறுக்கை யாருமே பார்ப்பதில்லை. மூலைக்கு மூலை இரண்டு நூலை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் நூலும் நூலும் தொட்டும் தொடாமலும் நின்றால் நிலை நேராக இருக்கிறது. இங்கே 7 எம்எம் இடைவெளி இருந்தது. அப்படியே விட்டிருந்தால் கதவு மேலே உட்கார்ந்து கீழே எட்டிப்பார்த்துக்கொண்டே இருந்திருக்கும்.

அடுத்த கோளாறு கொத்தனாரால். கால்களுக்கு நடுவே அடித்திருந்த குறுக்குச் சட்டங்களை, காரை பூசிய அன்று மாலையே "வழியில் இடிக்கிறது" என்று பிடுங்கிவிட்டார். ஈரக் காரையும் கல்லும் உள்ளே தள்ள, பூட்டுப் பக்கத்துக் கால் வயிறு தள்ளிக்கொண்டது. மேலேயும் கீழேயும் 42 இன்ச், நடுவில் 4 எம்எம் கம்மி. இரவோடு இரவாக 42 இன்ச் ரீப்பர் ஒன்றை வெட்டி நடுவில் அடித்து இறுக்கியதில் தப்பித்தது. மறுநாள் காலை பார்த்திருந்தால் காரையை உடைத்திருக்க வேண்டும். ஏழு நாள் சட்டத்தை எடுக்க விடாதீர்கள். கதவையும் அதுவரை மாட்ட விடாதீர்கள்.

45 எம்எம் கனத்தில் தேக்குக் கதவு 60 கிலோவுக்குப் பக்கம் வரும். 5 இன்ச் ஸ்டெயின்லெஸ் கீல் நான்கு. இரண்டாவது கீலை நடுவில் வைக்காமல் மேல் கீலுக்குச் சற்றுக் கீழே வையுங்கள், இழுப்பு முழுவதும் அங்கேதான். கீலோடு வரும் குட்டை ஸ்க்ரூவைத் தூக்கிப்போட்டுவிட்டு 2 இன்ச் போடுங்கள். கீலுக்கு வெட்டும் பள்ளம் கீல் தகட்டின் கனத்துக்கு மேல் போனால் கதவு கீல் பக்கம் நெரிபட்டு, மூடியதும் தானாகத் திரும்பும். ஆசாரி இழைப்புளியை எடுப்பார். எடுக்க விடாமல் கீலுக்கு அடியில் கல்யாணப் பத்திரிகை அட்டையை நறுக்கி வையுங்கள், சரியாகிவிடும்.

பூட்டுக்காகத் திருநெல்வேலிக்கு இரண்டு தடவை போக வேண்டியதாயிற்று. சாவி நுழையும் சிலிண்டர் 60 எம்எம் வாங்கியாகிவிட்டது. கதவு 45, கைப்பிடித் தகடு இரண்டு பக்கமும் பத்துப் பத்து, ஆக 65. சிலிண்டர் தகட்டுக்குள்ளே ஒளிந்துகொண்டதால் சாவியின் தோள் தகட்டில் இடித்து முழுசாக இறங்கவில்லை. 70 வாங்கியதும் சரி. இதைவிட நீளம் வாங்கினாலும் ஆபத்து: தகட்டுக்கு வெளியே 3 எம்எம்முக்கு மேல் நீட்டினால் குறடு வைத்துத் திருகி உடைத்துவிடலாம். பூட்டுக்குக் குடையும் இடம் நடுச்சட்டத்தின் கூர் வந்து சேரும் மூட்டில் விழாமல் இரண்டு இன்ச் மேலேயோ கீழேயோ தள்ளச் சொல்லுங்கள். மூட்டில் குடைந்தால் அந்தக் கூர் முழுவதையும் வெட்டி எடுத்துவிடுவார்கள்.

சாரல் காலத்தில் கதவு இடித்தால் உடனே இழைக்காதீர்கள். பூட்டுப் பக்க மேல்மூலை மட்டும் உரசினால் மேல் கீல் தளர்ந்திருக்கிறது, ஸ்க்ரூவைப் பாருங்கள். பக்கம் முழுவதும் உரசினால்தான் மரம் உப்பியிருக்கிறது. அப்போது இழைத்தால் பங்குனியில் பல்லி நுழைகிற அளவுக்குச் சந்து விழும். காய்ந்த காலத்தில் மாட்டும்போதே பக்கங்களில் 4 எம்எம், அடியில் 6 எம்எம் விட்டுவிடுவது நல்லது.

பாலிஷ் விஷயத்தில் மெலமைன் வீட்டுக்குள் இருக்கிற கதவுக்குத்தான். மேற்கு வெயிலுக்கு வெளிப்புற பியூ (பாலியூரித்தேன்) பூச்சு. பாலிஷ்காரர் இரண்டு முகமும் மினுங்கவைத்து, பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சந்தேகத்தில் கதவுக்கு அடியில் ஒரு துண்டு முகக்கண்ணாடியைச் செருகிப் பார்த்தால் அடி விளிம்பு பூச்சே இல்லாத வெறும் மரம். நடையைக் கழுவுகிற தண்ணீர் முதலில் தொடுகிற இடம்! 16 ஸ்க்ரூவைக் கழற்றி, நாலு பேர் தூக்கி முக்காலிமேல் சாய்த்து, அடிக்கும் மேலுக்கும் இரண்டிரண்டு பூச்சு கொடுத்து, இரண்டு நாள் காயவிட்டு நேற்றுச் சாயந்திரம் மறுபடி மாட்டியாயிற்று. அந்த இரண்டு ராத்திரியும் வாசலில் கட்டில் போட்டுத்தான் தூக்கம்.