பெக்காரியாவுக்கு முன்னால் கலாஸ் வழக்கைப் படியுங்கள்

சட்டப் படிப்பில் குற்றவியலும் தண்டனையியலும் எடுத்தவர்கள் திணறுகிற இடம் பதினெட்டாம் நூற்றாண்டுதான். மான்டெஸ்கியூ, பெக்காரியா, பெந்தாம் என்று வழிகாட்டி நூல்களில் சிந்தனையாளர்களின் பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றின் கீழும் நாலைந்து கருத்துகள் இருக்கும். மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம். ‘விமர்சன நோக்கில் ஆராய்க’ என்று கேட்டால் பேனா நகராது. எனக்கு இந்தப் பகுதி பிடிபட்டது ஒரு வழக்கைப் படித்த பிறகுதான்.

1761 அக்டோபர் 13 இரவு. பிரான்சின் துலூஸ் நகரில் துணி வியாபாரி ஜான் கலாஸின் மூத்த மகன் கடைக்குள் பிணமாகக் கிடந்தான். குடும்பம் புராட்டஸ்டன்ட், ஊர் கத்தோலிக்கம். மகன் மதம் மாறவிருந்ததால் தகப்பனே கொன்றுவிட்டார் என்று வதந்தி பரவியது. தற்கொலை செய்துகொண்டவரின் உடலைத் தெருவில் இழுத்துச் செல்வது அன்றைய தண்டனை. அதற்குப் பயந்து, யாரோ கொன்றுவிட்டார்கள் என்று முதலில் சொன்ன குடும்பம், பிறகு தூக்கில் தொங்கியதைச் சொன்னது. அந்த முரண்பாடே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. அறுபது வயதைக் கடந்த கலாஸைச் சித்திரவதை செய்தார்கள், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 1762 மார்ச் 10 அன்று சக்கரத்தில் கட்டி எலும்புகளை நொறுக்கிக் கொன்றார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் வோல்த்தேர் விடாமல் போராடியதில், 1765 மார்ச் 9 அன்று கலாஸ் நிரபராதி என்று தீர்ப்பானது.

இதில் என்னை உலுக்கியது சாட்சியக் கணக்கு. துலூஸ் நீதிமன்றம் கால் சாட்சியம், அரைக்கால் சாட்சியம் என்றெல்லாம் ஏற்றுக்கொண்டது என்கிறார் வோல்த்தேர். தெளிவில்லாத ஒரு வதந்தி அரைக்கால். எட்டு வதந்திகள் சேர்ந்தால் முழுச் சாட்சியம், ஓர் உயிர் போய்விடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு செசாரே பெக்காரியாவுக்கு வாருங்கள். இத்தாலியின் மிலான்காரர். 1764-இல், 26 வயதில், பெயர் போடாமல் ‘குற்றங்களும் தண்டனைகளும்’ நூலை வெளியிட்டார். கலாஸ் வழக்கால்தான் அந்த நூல் பிறந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஐரோப்பா முழுக்க இருந்த நடைமுறையைத்தான் அவர் தாக்கினார். கலாஸ் அதற்கு நல்ல சான்று, அவ்வளவே.

சித்திரவதை பற்றிய அவர் வாதத்தை அப்படியே விடைத்தாளில் விரித்து எழுதலாம். வலியைத் தாங்கும் முரடன் தப்பிப்பான், உடல் தளர்ந்த நிரபராதி மாட்டுவான். இன்னொன்றும் சொல்கிறார். குற்றவாளி தாங்கிக்கொண்டால் அவனுக்கு லாபம். பெரிய தண்டனைக்குப் பதில் சிறிய வலியோடு போய்விடும். நிரபராதிக்கு இரு பக்கமும் நஷ்டம்: ஒப்புக்கொண்டால் தண்டனை, தாங்கினாலும் செய்யாத குற்றத்துக்குப் பட்ட வேதனை. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிற நம் அரசியலமைப்பின் 20(3)-ஆம் பிரிவை இங்கே ஒரு வரி தொட்டுக்காட்டலாம்.

தண்டனை குற்றத்துக்கு ஏற்ற அளவில் இருக்கட்டும், விரைவாக வரட்டும், தப்பவே முடியாது என்ற நிலை இருக்கட்டும் என்ற பகுதி எல்லா நூல்களிலும் இருக்கிறது. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

பலர் சறுக்குவது மரண தண்டனையில். ‘கருணையால் எதிர்த்தார்’ என்று எழுதினால் பாதி உண்மைதான். அவர் வைத்த மாற்று, ஆயுள் முழுக்கக் கட்டாய உழைப்பு. கணநேரச் சாவைவிட நீண்ட துன்பம்தான் பார்ப்பவர்களை அதிகம் அச்சுறுத்தும் என்பது அவர் காரணம். தேசத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் விதிவிலக்கும் வைத்தார். பயன் பார்க்கிற இந்தச் சிந்தனையைத்தான் ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தாம் பின்னால் முழுக் கோட்பாடாக வளர்த்தார்.

இதற்கு நேர் எதிரே ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டை நிறுத்துங்கள். ஒரு தீவின் மக்கள் சமூகத்தையே கலைத்துவிட்டுப் பிரிந்து போவதானாலும், சிறையிலிருக்கும் கடைசிக் கொலைகாரனுக்கு முதலில் மரண தண்டனையை நிறைவேற்ற வேண்டும் என்று 1797-இல் எழுதியவர் அவர். பயனைப் பார்த்துத் தண்டிப்பது மனிதனை வெறும் கருவியாக்குவது என்பது அவர் நிலை. விமர்சனம் கேட்கும் கேள்விக்கு இந்த மோதலைவிட நல்ல பொருள் கிடைக்காது. மனிதத்தன்மை பெக்காரியா பக்கம் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் கான்ட்டின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அப்படி முடிவு கட்டக்கூடாது.

விளைவுகளுக்கு இரண்டு போதும்: 1786-இல் இத்தாலியப் பகுதியான டஸ்கனி மரண தண்டனையை ஒழித்தது, தேவையான தண்டனைகளை மட்டுமே சட்டம் விதிக்கலாம் என்ற 1789 பிரெஞ்சு உரிமைப் பிரகடனத்தின் 8-ஆம் பிரிவு.

மூல நூல் சிறியது, அத்தியாயங்களும் குட்டி. நேரமில்லாவிட்டால் சித்திரவதை, மரண தண்டனை ஆகிய இரண்டு அத்தியாயங்களையாவது நேரடியாகப் படித்து, சுருக்கத்தை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.