ஒரு குட்டி அந்துப்பூச்சிக்குப் பெயர் வாங்கிய கதை

எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கு இலைத்துளைப்பானைத் தெரியாமல் இருக்காது. கொழுந்தில் வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து போகும், அப்புறம் இலையே சுருண்டுவிடும். இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே புகுந்து வாழும் ஓர் அந்துப்பூச்சிப் புழுவின் வேலை அது. 1856இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் அதற்குப் பெயர் வைத்தார், கல்கத்தாவில் கிடைத்த மாதிரிகளைப் பார்த்து. நான் சொல்லப்போகும், இதுவரை யாரும் பெயர் வைக்காத பூச்சியும் அதே கிராசிலாரிடே குடும்பம்தான், பேரினம் மட்டும் வேறு, அக்ரோசெர்காப்ஸ். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் நிற்கும் காட்டு நாவல் மரத்தின் இலைகளில் கிடைத்தது. இனப்பெயரை இங்கே எழுதவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். அதை விவரிக்கும் எங்கள் கட்டுரை வெளிவருவதற்கு முன்னால் பெயர் மட்டும் வெளியே போனால், விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிப்படி மதிப்பில்லாத வெற்றுப் பெயராகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த வகைப் பூச்சிகளை விளக்கு போட்டுப் பிடிப்பதைவிட இலையோடு எடுத்து வந்து வளர்ப்பதுதான் நல்லது. ஆண், பெண் இரண்டும் கிடைக்கும், எந்தச் செடியைத் தின்கிறது என்பதும் சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். ஜிப் கவரில் ஒரு துண்டு டிஷ்யூவோடு இலையைப் போட்டு வைத்து, தினமும் திறந்து மூட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். புழு முதலில் தட்டையான தலையோடு சாற்றை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருக்கும், பிறகு தோலுரித்து வழக்கமான புழு உருவத்துக்கு வந்து இலைச் சதையைத் தின்னும். வெளிவந்த பூச்சிக்கு, இறக்கையை விரித்து வைத்தால் ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கலாம். காபிப்பொடி நிறத்தில் சாய்ந்த வெள்ளைப் பட்டைகள். தண்டால் எடுப்பவர் பாதியில் நின்றுவிட்டது மாதிரி முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்காரும்.

அதைக் கொல்வதற்கு ஃப்ரீசர் போதும் (வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்ததற்கு வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை). குத்துவதற்கு மினூட்டன் என்று தலையில்லாத எஃகு ஊசி கிடைக்கும், கனம் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் கொஞ்சம்தான். மின்விசிறியை அணைத்துவிட்டு, மூச்சையும் பக்கவாட்டில் விட்டுக்கொண்டு, இறக்கைகளை விரித்து வைக்க வேண்டும். இறக்கையில் பாதி அகலம் ஓர மயிர்தான், தொட்டால் போச்சு.

இறக்கையின் பட்டைகளை மட்டும் வைத்து இது புது இனம் என்று சொல்லிவிட முடியாது. நல்ல கேமராவில் எடுத்த படம் இருந்தாலும் முடியாது. புகைப்படம் போட்டதுமே 'புதிய இனமா?' என்று கேட்பவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது, வயிற்றுப் பகுதியைத் திறந்து பார்த்தீர்களா என்றுதான். அக்ரோசெர்காப்ஸில் பல இனங்கள் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், வேறுபாடு பிறப்புறுப்பில் இருக்கிறது. வயிற்றுப் பகுதியை மட்டும் ஒடித்து எடுத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டு வெந்நீரில் சூடாக்கினால் சதையெல்லாம் கரைந்து கைட்டின் என்ற பொருளாலான தோல் மட்டும் மிஞ்சும். மெல்லிய தூரிகையால் செதில்களைத் துடைத்து, குளோரசால் பிளாக் என்ற சாயத்தில் ஒரு கணம் காட்டினால், அதுவரை கண்ணாடி மாதிரி தெரியாமல் கிடந்த தோல் கருநீலமாக எழும்பி வரும். ஆண் பூச்சியின் கடைசிக் கண்டங்களில் கோரமாட்டா என்ற நீண்ட மயிர்க் கற்றைகள் மடிந்து கிடக்கும், அவற்றைப் பிய்க்காமல் விரிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். வால்வா என்ற பற்றும் உறுப்பு இதில் நுனியில் சட்டென்று அகன்று, உள்ளோரத்தில் முள்மயிர் வரிசையோடு இருந்தது. நெருங்கிய இனங்களில் அந்த அகலம் இல்லை.

ஆனால் நெருங்கிய இனங்கள் எவை என்று முடிவுசெய்ததில்தான் பெரும்பகுதிக் காலம் போனது. இந்தியாவின் சின்ன அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் வைத்தவர் எட்வர்ட் மேரிக், இங்கிலாந்தில் மார்ல்பரோ கல்லூரியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த பள்ளி ஆசிரியர். 1938இல் இறப்பதற்குள் உலகம் முழுவதும் 14,000க்கு மேற்பட்ட இனங்களை விவரித்தார். பிகாரின் பூசாவிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஃப்ளெட்சர் என்ற அரசுப் பூச்சியியலாளர் வளர்த்து அனுப்பியவையும் அதில் சேர்த்தி. ஒவ்வொன்றுக்கும் சில வரிகள்தான், பெரும்பாலும் படம் இருக்காது, பிறப்புறுப்பை அறுத்துப் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கையே கிடையாது. கைலென்ஸில் பார்த்து எழுதிய அந்தச் சில வரிகள்தான் இன்றைக்கும் சட்டம்! திட்டத்தான் தோன்றும், ஆனால் அந்த மனிதரின் கண் கூர்மை, இறக்கைப் பட்டையின் கோணத்தைப் பற்றி அவர் எழுதியது மாதிரியைப் பார்க்கும்போது அப்படியே இருக்கும். அவருடைய டைப் மாதிரிகள், அதாவது பெயர் வைக்க ஆதாரமாக எடுத்துக்கொண்ட பூச்சிகள், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. டி பிரின்ஸ் தம்பதியரின் கிராசிலாரிடே தரவுத்தளத்தில் நாவல் வகை மரங்களில் வாழும் இனங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் டைப் படத்தையும் தேடி, கிடைக்காதவற்றுக்குக் கடிதம் எழுதி, ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தோம். 'தோம்' என்பது நானும் என் இணையாசிரியரும், அவர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார், நான் வங்கியில்.

இதோடு ஒப்பிட்டால் டிஎன்ஏ பாகம் சுலபம். ஒரு பின்னங்காலை அனுப்பினால் இனங்களைப் பிரித்தறியப் பயன்படும் சிஓஐ மரபணுவின் 658 எழுத்துகள் வந்துவிடும், இதைத்தான் பார்கோடு என்பார்கள். எதனோடும் பொருந்தவில்லை, நல்ல செய்திதான், ஆனால் மேரிக் பெயர் வைத்த பலவற்றுக்குத் தரவுத்தளத்தில் பார்கோடே இல்லாதபோது பொருந்தாததை வைத்து எதையும் நிறுவ முடியாது. இதை, இதழுக்காகக் கட்டுரையைச் சரிபார்த்த ஒரு மதிப்பாய்வாளரும் சரியாகப் பிடித்தார். பெண் பூச்சியின் படமும் வேண்டும் என்றார், அதற்கு அடுத்த கொழுந்து வரும்வரை மரத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

காகித வேலைகள் இரண்டு. பல்லுயிர்ச் சட்டம் 2002இன் 39ஆம் பிரிவுப்படி புதிய இனத்தின் மாதிரியை அரசு குறித்துள்ள காப்பகம் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும், ஹோலோடைப்பை, அதாவது பெயருக்கு ஆதாரமான அந்த ஒற்றை மாதிரியை, வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது. இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால், பெயரிடும் விதிகளின் 2012 திருத்தத்தின்படி கட்டுரையை ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவுசெய்து, பதிவுசெய்ததற்கான சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். அது விடுபட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் பெயர் நிற்காது. காப்பகத்தின் பதிவு எண்ணைக் கேட்டு முன்கூட்டியே எழுதிவிடுங்கள், அது இல்லாமல் கட்டுரை அச்சுக்கு நகராது. எங்களுக்கு எண் வந்துவிட்டது, மெய்ப்பும் வந்துவிட்டது, வால்வா படத்தின் அளவுகோல் கோட்டைத் திருத்தி நேற்றுத்தான் திருப்பி அனுப்பினோம்.