அவங்களுக்கு எதுக்குச் சிரமம்?

வெளியூர் வேலைக்கு ஆள் ஒதுக்கும் கூட்டங்களில் பல வருடங்களாக உட்கார்ந்து வருகிறேன். வாடிக்கையாளரின் இடத்துக்கே போய் இயந்திரத்தைப் பொருத்தி, ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். அலைச்சல் பிடித்த வேலைதான். ஆனால் பதவி உயர்வுப் பேச்சு வந்தால் முதலில் பார்ப்பது யார் இப்படி எத்தனை இடம் போய் வந்தார்கள் என்பதைத்தான்.

ஒரு கூட்டத்தில் பட்டியலின் முதல் பெயர் ஒரு பெண் பொறியாளருடையது. அந்த இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியை வடிவமைத்தவரே அவர்தான். மேலாளர் அந்தப் பெயரைப் பேனாவால் இரண்டு தட்டு தட்டினார். "கைக்குழந்தை வெச்சிருக்காங்க, பாவம், அவங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அடுத்த பெயர்க்காரர் வீட்டிலும் கைக்குழந்தைதான். அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அறையில் இருந்த பெண்கள் உட்பட ஒருவருக்கும் எதுவும் உறுத்தவில்லை.

மேலாளர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் விஷயம் சுலபம், புகார் எழுதிவிடலாம். அக்கறையாகப் பேசுகிறவர் மேல் என்னவென்று புகார் எழுதுவது?

இந்த அக்கறை தவழும் வயதிலேயே தொடங்கிவிடுகிறது. 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், 11 மாதக் குழந்தைகளின் அம்மாக்களிடம் ஒரு சரிவுப் பலகையைக் காட்டி, உங்கள் குழந்தை எவ்வளவு சாய்வு வரை தவழ்ந்து இறங்கும் என்று கேட்டார்கள். பெண் குழந்தைகளின் அம்மாக்கள் குறைத்துச் சொன்னார்கள். ஆண் குழந்தைகளின் அம்மாக்கள் கூட்டிச் சொன்னார்கள். அப்புறம் குழந்தைகளையே பலகையில் விட்டுப் பார்த்தால், இரு தரப்பிலும் திறமையில் வித்தியாசமே இல்லை. பெற்ற தாய்க்குக் குழந்தை மேல் பாசம் குறைவு என்று யார் சொல்ல முடியும்? பாசத்தோடுதான் தப்பாகக் கணித்தார்கள்.

ஒருத்தியிடம் "பார்த்து, விழுந்துடுவே" என்றும், ஒருவனிடம் "விழுந்தா எழுந்து வருவான்" என்றும் சொல்லியே வளர்க்கிறோம். அவளால் முடியுமா என்று அவளைக் கேட்பதில்லை. அவனுக்கு வலிக்கிறதா என்று அவனைக் கேட்பதில்லை. இருபது வருடம் இதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். உறுத்தாததில் என்ன ஆச்சரியம்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. கூட்டக் குறிப்பு எழுதுவது, விடைபெறுகிறவருக்குப் பரிசு வாங்கப் பணம் திரட்டுவது மாதிரி, செய்தாலும் பெயர் கிடைக்காத வேலைகள். "யாராவது செய்றீங்களா?" என்றதும் சிலர் கைப்பேசியைப் பார்ப்பார்கள், சிலர் ஜன்னலைப் பார்ப்பார்கள். கடைசியில் ஒரு பெண் "சரி, நான் பண்றேன்" என்பார். பெண்களுக்கு இயல்பிலேயே பொறுப்பு அதிகம் என்று ஒரு பாராட்டும் தயாராக இருக்கும். 2017-ல் வந்த ஒரு பரிசோதனை இந்தப் பாராட்டை நன்றாகவே சோதித்துவிட்டது. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில், இப்படிப்பட்ட வேலைக்குப் பெண்கள் முன்வந்தது ஆண்களைவிட 48 சதவீதம் அதிகம். ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களிலோ, பெண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் எந்த அளவுக்கு முன்வந்தார்களோ அதே அளவுக்கு ஆண்களும் முன்வந்தார்கள். எழுந்து செய்ய ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தால்தான் ஜன்னல் வழியே அத்தனை காட்சி தெரிகிறது.

ஒதுக்கீட்டுத் தாளில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது: "நேரில் கேட்டாயிற்றா?" அந்தப் பெண் பொறியாளர் கேட்டுத்தான் அது வந்தது. பெண் பெயர்களுக்கு மட்டும் போதும் என்றார்கள், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவரைக் கேட்டபோது, போகிறேன் என்றார். வேறு சில பெண்கள் முடியாது என்றார்கள். யாரும் எதிர்பார்க்காதது, ஆண்களிலும் சிலர் முடியாது என்றதுதான். வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, குழந்தை ராத்திரி தூங்குவதில்லை என்று காரணங்கள் வந்தன. எல்லாம் பழைய காரணங்கள், இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். கேட்க ஆரம்பித்த பிறகு ஆள் ஒதுக்குவது பெரிய தலைவலியாகிவிட்டது என்று மேலாளர் அலுத்துக்கொள்கிறார்.