ட்ரோன்ல வந்த தடுப்பூசி

பசிபிக்குல வனுவாட்டுன்னு ஒரு நாடு, 80-க்கும் மேல தீவுகள். அதுல எரோமாங்கோ தீவோட குக்ஸ் பே பக்கம் 2018-ல கரண்ட் இல்ல, ஆஸ்பத்திரி இல்ல. அங்க நடந்து போகணும், இல்லன்னா சின்னப் படகு. அந்த வருஷம் டிசம்பர்ல யுனிசெஃப் ஏற்பாடு, ஆஸ்திரேலிய அரசோட காசு: தெர்மாகோல் பெட்டியில ஐஸ் பேக்கோட தடுப்பூசியைத் தூக்கிக்கிட்டு மலையைத் தாண்டி ட்ரோன் வந்துச்சு. கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். பெட்டிக்குள்ள சூடு ஏறுதான்னு பாக்க ஒரு கருவி வேற. 13 குழந்தைங்க, 5 கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டாங்க.

போட்டது ட்ரோன் இல்லையே, ஒரு நர்ஸம்மா! அதுவரைக்கும் ஐஸ் பெட்டியோட ஆறு, மலை, மழைன்னு நடந்தே போனவங்க. இதைப் பத்தின ஃபோட்டோவுல என்னவோ மெஷின்தான் ஹீரோ. வெளிநாட்டுக் காசு மெஷினுக்கு வர்ற மாதிரியே நர்ஸ் சம்பளத்துக்கும் வரணும்ங்கிறது என் கட்சி.