மார்க்ஸ் வந்தது, வந்தன்

“விஞ்ஞானக் கதை எழுதின ஆர்தர் கிளார்க்கை நம்பி இந்தத் தொலைத்தொடர்புத் துறையை எடுக்காதையும்” என்றேன். பிழையான அறிவுரை என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. மொறட்டுவையில் முதலாம் ஆண்டுப் பெடியன், எந்தப் பிரிவுக்குப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தான். செய்மதி வழியே இணையம் தருகிற ஸ்டார்லிங்க் இலங்கைக்குள்ளும் வந்துவிட்ட காலம். சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் ஓடுகிற அவர்களின் செய்மதியோடு, கிட்டத்தட்ட 36,000 கிலோமீற்றரில் நிற்கிற, நாங்கள் பாவிக்கிற செய்மதி தாமதத்தில் போட்டி போட முடியாது. கேள்வி மேலே போய்க் கீழே வரக் கால் செக்கன், பதிலுக்கு இன்னொரு கால் செக்கன். பௌதிகம் அது, எந்த எஞ்சினியராலும் குறைக்க ஏலாது.

அவன் விடவில்லை. “அப்ப நீங்கள் ஏன் அண்ணா வந்தனீங்கள்?”

“மார்க்ஸ் வந்தது, வந்தன்.”

இந்தப் பதில்தான் குடைகிறது. பொய்யில்லை. புள்ளி குறைந்திருந்தால் சிவிலுக்குப் போயிருப்பேன், பாலங்கள்தான் சிறுவயதுக் கனவு என்று நேர்முகத்தேர்வில் சொல்லியிருப்பேன். எனக்கு வாய்த்தது தொலைத்தொடர்பு, ஆகவே ஆர்தர் சி. கிளார்க்கை வாசித்து வந்தேன் என்றேன். 1956இல் இலங்கைக்கு வந்து 2008இல் கொழும்பிலேயே காலமானவர், 1979 முதல் 2002 வரை எங்கள் பல்கலைக்கழகத்தின் வேந்தர், கட்டுபெத்தவில் அவர் பெயரில் நிறுவனமே இருக்கிறது. எங்கள் பட்ச்சில் நேர்முகத்தேர்வுக்குப் போனவர்களில் அவர் பெயரைச் சொல்லாதவன் குறைவு.

1945 ஒக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ சஞ்சிகையில் வந்த அவருடைய கட்டுரையை நான் வாசித்ததோ வேலையில் சேர்ந்த பிறகு, இரவு ஷிப்டில், நித்திரை வராமலிருக்க. பூமத்திய ரேகைக்கு மேலே மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்ற கணக்கு. கணக்கு சரி. 1964இல் சின்கொம் 3 என்ற செய்மதி அந்தப் பாதையில் போய் நின்றது. அவருக்குப் பிசகியது வேறிடத்தில்: அந்த நிலையங்களில் ஆட்கள் குடியிருப்பார்கள் என்று நினைத்தார். சிக்னலைப் பெருக்கும் வால்வுகள், அதாவது வெற்றிடக் குழாய்கள், பழுதானால் மாற்ற ஆள் வேண்டுமே! அவற்றின் இடத்தைப் பிடித்த ட்ரான்சிஸ்டர் வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், வால்வு முற்றாக ஒழியவில்லை. பல செய்மதிகளில் சிக்னலைப் பெருக்குவது இன்றும் ட்ராவலிங் வேவ் ட்யூப் என்ற ஒருவகை வால்வுதான். யாரும் தொடாமல் 15 வருடம்கூட ஓடுகிறது. தரையில் எங்கள் பெருக்கியிலும் அதே இனம்தான், ஆயுள் முடிந்தால் மாற்றுவது எங்கள் பாடு. அவர் மேலே அனுப்ப நினைத்த ஆள் நான்தான், கீழே இருந்து சம்பளம் வாங்குகிறேன். இது பிடிபட்ட பிறகு வேலை எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. மார்ச், செப்டெம்பர் பக்கம் சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து சில நிமிடம் சிக்னலை விழுங்கும்போது வாடிக்கையாளரின் ஏச்சை வாங்குவதுகூட அவ்வளவு அலுக்கவில்லை. இரண்டு தடவை வெளிநாட்டு வேலை கிடைத்தும் போகாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மனைவி வேறு காரணம் சொல்லுவாள்.

இதையெல்லாம் அந்தப் பெடியனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் துறை தெரிவு செய்யக் கேட்கிறவனுக்குச் சந்தை நிலவரத்தைத்தான் சொல்ல வேண்டும், என் மனநிலையை அல்ல. அந்த வகையில் நான் சொன்னது நேர்மையான பதில். அப்படியானால் குரலில் ஏன் அந்தக் கடுப்பு? அவன் பத்தாம் வகுப்பிலேயே கிளார்க்கை வாசித்தவன். நான் வேலைக்காகச் சொன்ன கதை அவனுக்கு உண்மையாக நடந்திருக்கிறது. அது எனக்குப் பொறுக்கவில்லையோ என்னவோ. இல்லை, அப்படியும் இருக்காது. அன்றைக்கு வெயில், பசி, பேச்சும் நீண்டுவிட்டது.

அவன் பிறகு கம்பியூட்டர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. நல்ல முடிவு. என் மகன் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை, வர்த்தகப் பிரிவு எடுத்துவிட்டான்.