குதுப் மினாரைப் பார்க்காமல் வந்த கதை

டெல்லி மெஹ்ரோலியில் எல்லோரும் மினாரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, நான் பக்கத்து மசூதியின் ஆர்ச்சை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

1199-இல் திரைபோல எழுப்பிய அந்தக் கல்சுவரில் இருப்பது நிஜ ஆர்ச்சே இல்லை! கல்லின் இணைப்புக் கோடுகளைப் பாருங்கள், எல்லாம் படுக்கையாகவே ஓடும். ஒவ்வொரு வரிசையையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் முன்னே தள்ளி அடுக்கி, உச்சியில் சேர்த்து, கடைசியில் வளைவாகச் செதுக்கிவிட்டார்கள். கேட்டது சுல்தானின் ஆட்கள், கட்டியது உள்ளூர்க் கொத்தர்கள். தூணும் உத்தரமுமாகவே கட்டிப் பழகிய கை. மேலே படரும் கொடிவேலைப்பாட்டில் அந்தக் கை அப்படியே தெரிகிறது.

நடக்கும் தூரத்தில் டெல்லி சுல்தான் பால்பனின் கல்லறை. கூரை போய்விட்டது, கூட்டமும் இல்லை. ஆனால் அங்கே ஆர்ச்சின் கற்கள் ஆப்பு வடிவில், விசிறி விரித்தது போல ஒன்றையொன்று நெருக்கித் தாங்கி நிற்கின்றன. இந்தியாவில் மிஞ்சியிருக்கும் முதல் நிஜ ஆர்ச் இதுதான் என்கிறார்கள், 1280-களின் வேலை. 1311-இல் அலாவுதீன் கில்ஜியின் அலாய் தர்வாசா என்ற நுழைவாயில் வரும்போது கை நன்றாகவே தேறிவிட்டது. சிவப்புக் கல், வெள்ளைப் பளிங்கு, ஆர்ச்சின் உள்விளிம்பில் வரிசையாக மொட்டுகள்.

"மினார் போட்டோ எங்கே?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஒன்றுகூட இல்லை.